பூட்டனுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

"எங்கட பூட்டன் பட்டாளத்தில இருந்தவர்." திருகோணமலையில் பல வீடுகளில் இந்த ஒரு வசனம் மூன்று தலைமுறையாக அப்படியே கைமாறி வருகிறது. எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, என்ன வேலை என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளை ஒருவர் தேடத் தொடங்குவார். அவர் மனதில் முதலில் எழுவது "எந்த ரெஜிமென்ட்?" என்ற கேள்வி. இணையத்தில் ஒரு தேடுபெட்டி, அதில் பூட்டனின் பெயர், விடை பூச்சியம். இரண்டு தளங்களுக்குப் பணமும் கட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் எங்கட ஆக்களைப் பதிஞ்சு வைக்கேல்ல" என்று பெட்டியை மூடிவிடுவார்கள். எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. பதிவுகள் அழிந்துபோன இடங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனாலும் பல தேடல்கள் பதிவை நெருங்குவதற்கு முன்பே, முதற்கேள்வி பிழைத்ததால் நின்றுபோகின்றன. முதலில் கேட்க வேண்டியது, மாதக் கடைசியில் அவர் கையில் சம்பளத்தை எண்ணி வைத்தது யார் என்பதைத்தான். ஒருவருடைய கோப்பு அவர் நின்ற ஊரில் தங்காது. அவருக்குக் காசு கொடுத்த கந்தோரைத் தேடிப் போய்விடும்.

பட்டாளம் என்ற சொல்லுக்குள் எத்தனை பேர்

1942ஆம் ஆண்டில் எங்கள் துறைமுகத்தைச் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். கரையோரப் பீரங்கிகளில் சிலோன் கரிசன் ஆட்டிலறி இருந்தது. காவல் வேலைக்குச் சிலோன் லைட் இன்பன்ட்ரி போன்ற அணிகள் இருந்தன. இவை எல்லாம் சிலோன் டிபென்ஸ் போர்ஸ், அதாவது இலங்கைச் சட்டத்தின் கீழ் எழுப்பப்பட்ட படை. 1938இல் தொடங்கிய தொண்டர் கடற்படை, 1943இல் பிரித்தானியக் கடற்படையோடு சேர்ந்து சிலோன் றோயல் நேவல் வொலன்டியர் றிசேர்வ் ஆனது. பயனியர் கோர், றோயல் ஆமி சேர்விஸ் கோர் ஆகியவற்றில் சேர்ந்த இலங்கையர், பிரித்தானிய இராணுவத்தின் ஆட்கள். 34ஆவது இந்திய டிவிஷனோடு வந்தவர்கள் இந்திய இராணுவம். ஹொங்கொங் சிங்கப்பூர் றோயல் ஆட்டிலறி என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள், அதன் சிப்பாய்களில் பெரும்பாலானோர் இந்தியர்.

இனி, சீருடை போடாத அல்லது வேறு சீருடை போட்ட மற்றப் பக்கம். அட்மிரால்டி, அதாவது பிரித்தானியக் கடற்படை நிர்வாகம், நடத்திய டொக்யாட்டின் (கப்பல் திருத்தும் தளத்தின்) பிட்டர், றிகர், ஸ்டோர்மன், வாட்சர், டொக்யாட் பொலிஸ்காரர். கடற்படை ஆயுதக் களஞ்சியத்தில் வெடிபொருட் பெட்டி சுமந்தவர்கள். சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் குழாய் பொருத்தியவர்கள். விமானப்படை நிலையத்தில் சமைத்தவர்கள், ஓடுபாதைக்குக் கல் போட்டவர்கள். இவர்களுக்கும் இலக்கம் இருந்தது, படம் ஒட்டிய பாஸ் இருந்தது, வாசலில் காவலாளிக்குக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டில் இவர்களையும் "பட்டாளத்தில வேலை" என்றுதான் சொன்னார்கள். பேச்சுவழக்கில் அது பிழையே இல்லை. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டபோது எந்தக் குண்டும் சம்பளப் பட்டியல் பார்த்து விழவில்லை. துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது, சீனக்குடாவில் ஒரு எண்ணெய்த் தாங்கி எரிந்தது. அதனால், பூட்டன் சிப்பாய் அல்ல, டொக்யாட் பிட்டர் என்று தேடலின் நடுவில் தெரியவரும்போது, ஏதோ குறைந்துபோனது போலச் சில குடும்பங்கள் முகம் வாடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அங்கே தேடலைக் கைவிடுவதுதான் அவருக்குச் செய்யும் குறை.

பெட்டியைத் திறக்கும்போது

கட்டிலுக்குக் கீழே இருக்கும் தகரப்பெட்டியில் பதக்கம் இருந்தால், முதலில் அதைப் பிறாசோ போட்டு மினுக்காதீர்கள். விளிம்பில் பொறித்த எழுத்துத் தேய்ந்து போகும். முதல் உலகப்போர்ப் பதக்கமாக இருந்தால் அந்த விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், அணி எல்லாம் இருக்கும். சரிந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை, பிரித்தானியா அவற்றைப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா வழங்கியவற்றில்தான் பெயர் இருக்கும். ஆகவே இரண்டாம் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருந்தால், அவர் இந்திய இராணுவத்துக்காரராக இருக்கக்கூடும் என்ற எண்ணம் உடனே வர வேண்டும்.

பெயர் இல்லாத பதக்கமும் பேசும். ஆறு முனை நட்சத்திரம் என்றால் போர்க்களம் சார்ந்தது. நாடாவின் நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் செம்மஞ்சட் கோடு என்றால் பர்மா ஸ்டார். மணல் நிறம் தூக்கலாக இருந்தால் ஆபிரிக்கா ஸ்டார். பயனியர் கோரில் மத்திய கிழக்குக்குப் போனவர் என்று சந்தேகிக்க அது நல்ல காரணம். வட்டப் பதக்கத்தின் பின்புறம் இரட்டைத்தலை டிராகனின்மேல் சிங்கம் நின்றால் வோர் மெடல், மரக்கன்றின் இருபுறமும் இரண்டு சிங்கங்கள் என்றால் டிபென்ஸ் மெடல். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெறுமதியாகத் தெரிவது, பதக்கம் தபாலில் வந்த சின்ன அட்டைப்பெட்டி. அதன் மேலே ஒட்டிய முகவரியும் உள்ளே வைத்த துண்டும் ஆளை அடையாளம் காட்டும். அந்தப் பெட்டியைக் குப்பை என்று எறிந்துவிட்டுப் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த வீடுகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

கடதாசிகளில் தேட வேண்டியது ஏபி 64 (ஆமி புக் 64) என்ற, சிப்பாயின் சேவையும் சம்பளமும் குறித்த கபில நிறச் சிறு புத்தகம். அது இருந்தால் பிரித்தானியப் படை முறைமையின் கீழ் சம்பளம் வாங்கியவர். கடற்படைக்காரர் என்றால் ஒரு நீண்ட சேவைச் சான்று இருக்கும். அதன் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கெட்ட நடத்தைக்காக நீக்கப்பட்டவரின் சான்றில் அந்த மூலையை வெட்டிவிடும்படி சான்றிலேயே அச்சிட்டிருக்கும். எலி கடித்த மூலைக்கும் கத்தரித்த மூலைக்கும் வித்தியாசம் தெரியும். பழைய கடதாசியை லமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு உரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்துகொண்டு, அமிலமற்ற உறைக்குள் வையுங்கள். படங்களை மட்டையிலிருந்து பிடுங்காமல் பின்பக்கத்தையும் படமெடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

1964ஆம் ஆண்டுப் புயல், இடப்பெயர்வுகள், 2004 ஆழிப்பேரலை என்று எல்லாம் தாண்டி வந்த ஊர் இது. பெட்டியே இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்

தேடல் திரும்புகிற இடம் இதுதான். பூட்டனின் பத்திரத்தை விட்டுவிட்டு, அவருடைய பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்களையும் எடுக்க வேண்டும். இன்றைய பத்திரத்தில் இல்லாத ஒரு நிரல் பழைய படிவத்தில் இருக்கிறது: தகப்பனுடைய உத்தியோகம் அல்லது தொழிலும் இனமும். பிள்ளை பிறந்த நாளில் தகப்பன் என்ன வேலை செய்தார் என்பதை ஓர் அரசாங்கப் பதிவாளர் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ஐந்து ஆறு பிள்ளைகள். அவர்களை வயது வரிசையில் அடுக்கினால், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எடுத்த படம் மாதிரி அவருடைய உத்தியோக வாழ்க்கை விரியும்.

இப்படி ஒரு வரிசை கிடைக்கிறது என்று வையுங்கள்: 1936இல் கூலி, 1939இல் டொக்யாட் தொழிலாளி, 1942இல் ஆமி, 1945இல் கோப்ரல், 1948இல் பைப் பிட்டர். ரெஜிமென்ட் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் தேடல் எவ்வளவு ஒடுங்கிவிட்டது பாருங்கள். 1939க்கும் 1942க்கும் இடையில் படையில் சேர்ந்திருக்கிறார், 1948க்குள் வெளியே வந்துவிட்டார். சிலோன் டிபென்ஸ் போர்ஸ் 1939இல் முழுநேர சேவைக்கு அழைக்கப்பட்டு 1946இல் அந்தச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது என்பதோடு இது பொருந்துகிறது. போருக்கு முன்னும் பின்னும் அட்மிரால்டியின் சம்பளம் வாங்கியிருக்கக்கூடும். ஆக, தேட வேண்டியது ஒரு கோப்பு அல்ல, இரண்டு. கடைசிப் பிள்ளை 1950க்குப் பிறகு பிறந்து அதிலே நேவி என்று இருந்தால், அது பிரித்தானியக் கடற்படை அல்லாமல், 1950 டிசம்பரில் உருவான றோயல் சிலோன் நேவியாக இருக்கலாம். இலங்கை இராணுவமும் 1949 ஒக்டோபர் 10இல்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு லண்டனில் எதையும் தேட வேண்டியதில்லை.

இங்கே பிழைக்கிற இடங்களையும் சொல்ல வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மூதூரிலோ பதிவாகியிருக்கும். திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று திரும்பாதீர்கள். வெளிநாட்டு விசாவுக்காகச் செய்த மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம், தொழில் நிரலில் மொழிபெயர்ப்பாளரின் கை அதிகம் விளையாடும் இடம் அது. பதிவுப் புத்தகத்திலிருந்து எடுத்த பிரதியைத்தான் பார்க்க வேண்டும். உத்தேச வயதுச் சான்றிதழ் இந்த வேலைக்கு உதவாது. ஊர்ப் பதிவு கிடைக்காவிட்டால், கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள மத்திய ஆவண அறையில் மறுபிரதியைக் கேட்கலாம். திகதி சரியாகத் தெரியாவிட்டால் எத்தனை ஆண்டுகளைத் தேட வேண்டுமோ அதற்கேற்பக் கட்டணமும் ஏறும். அதனால் வீட்டில் சாதகக் குறிப்போ ஞானஸ்நானச் சீட்டோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, தகவல் கொடுத்தவர் யார் என்ற நிரல். தகப்பனே கையெழுத்து வைத்திருந்தால் தொழிலை நம்பலாம். அம்மம்மாவோ அயலவரோ கொடுத்த தகவல் என்றால், "ஆமி" என்பது ஆமிக்காம்பில் சமையல் வேலையாகவும் இருக்கலாம். லஸ்கர் என்று எழுதியிருந்தால் மேலும் கவனம். பீரங்கிப் படையில் கன் லஸ்கர் என்ற சிப்பாய் இருந்தார், கப்பலில் லஸ்கர் என்ற மாலுமி இருந்தார், களஞ்சியங்களில் லஸ்கர் என்ற தொழிலாளியும் இருந்தார்.

விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் தொழிலோடு இரண்டு தகப்பன்மாரின் பெயரும் வரும். மரணப் பதிவும் தொழிலைச் சொல்லும், ஆனால் அது முதுமைக் காலத்துத் தொழில்.

பெயர் என்ற பொறி

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சின்னத்தம்பி கந்தையாவின் மகன் கந்தையா இராசரத்தினம். வம்சாவளி இணையத்தளங்கள் கடைசிப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. அவற்றில் பேரனின் கடைசிப் பெயரைப் போட்டுப் பூட்டனைத் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஆங்கில லிகிதர் எழுதியதோ இன்னொரு கதை. கந்தையா கே எழுத்திலும் தொடங்கும், சி எழுத்திலும் தொடங்கும், கடைசியில் எச் வரும், வராமலும் போகும். பிள்ளை என்ற முடிவு ஐ எழுத்திலும் வை எழுத்திலும் முடியும், தனிச் சொல்லாகவும் பிரியும். தம்பி என்பதற்கும் அதே நிலைதான். நட்சத்திரக் குறி போட்டுத் தேட வசதியுள்ள தளங்களில் நடு எழுத்துகளை மட்டும் கொடுத்து இரு முனையையும் திறந்துவிடுங்கள். சொந்தப் பெயரில் ஒரு தடவை, தகப்பன் பெயரில் ஒரு தடவை, இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு தடவை. சேர்ந்தவர் கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானப் பெயர் முதலில் நிற்கும், வீட்டில் கூப்பிட்ட பெயர் எங்கும் இராது. பெயரைவிட இலக்கம் உறுதியானது. படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு எண், பத்துப் பெயர்த் தேடலை மிச்சப்படுத்தும்.

காசு கொடுத்தவர் வாசலில்

சிலோன் டிபென்ஸ் போர்ஸ் என்று தெரிந்தால் லண்டனுக்கு விண்ணப்பம் எழுதாதீர்கள். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்தவை பிரித்தானியப் படைகளின் கோப்புகள். அவையும் 2022 முதல் லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இடம்மாறி வருகின்றன. இலங்கைப் படையில் அதிகாரி தரத்தில் இருந்தவரின் நியமனமும் பதவி உயர்வும் இலங்கை அரசாங்க வர்த்தமானியில் வந்தன, பேர்குசன் டிரெக்டரி என்ற பழைய இலங்கை விபரக்கொத்திலும் பெயர் இருக்கும். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இவற்றைப் பார்க்கலாம். சாதாரண சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை. அவருக்கு அணியின் வரலாறே வழி. கரிசன் ஆட்டிலறி என்றால் திருகோணமலை மட்டும் போதாது, கொக்கோஸ் தீவுகளையும் பாருங்கள். 1942 மே 8 இரவு அங்கே நடந்த கலகத்துக்காக அந்தப் படையைச் சேர்ந்த மூன்று இலங்கையர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த அணியில் இருந்த ஒருவர் போரைப் பற்றி வீட்டில் வாயே திறக்காமல் இருந்ததற்கு அது காரணமாக இருக்கவும் கூடும்.

பயனியர் கோர், சேர்விஸ் கோர் என்றால் பிரித்தானிய இராணுவக் கோப்பு. முழுப்பெயர், பிறந்த திகதி, இலக்கம், மரணப் பத்திரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். கியூவில் டபிள்யூ.ஓ. 172 என்ற தொடரில் தென்கிழக்காசியக் கட்டளையின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அவற்றில் சிப்பாய்களின் பெயரை எதிர்பார்க்காதீர்கள், அன்றன்று அணி எங்கே நின்றது என்பதை மட்டும் எடுங்கள். சீனக்குடா விமான நிலையம் என்றால், விமானப்படை நிலையங்களின் பதிவேடுகள் உள்ள ஏ.ஐ.ஆர். 28 என்ற தொடர்.

கடற்படைக் கடதாசியில் கப்பல் பெயரைக் கண்டதும் கடற்பயணக் கதை எழுதிவிட வேண்டாம். ஹைபிளையர் என்பது கப்பல் அல்ல, திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பெயர். லங்கா என்பது கொழும்புத் தளம், பம்பாரா சீனக்குடாவில் கடற்படையின் விமானத் தளம். மூன்று "கப்பல்களில்" சேவை செய்த ஒருவர் அலையே காணாமல் இருந்திருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே திருமணம் செய்தவர் என்றால் வாசல் இந்தியாவில்: மதறாஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதறாஸ் சப்பர்ஸுக்குப் பெங்களூர். மலாய்க் குடும்பங்களின் மூதாதையர் 19ஆம் நூற்றாண்டில் சிலோன் ரைபிள் ரெஜிமென்டில் இருந்திருந்தால் அது பிரித்தானிய முடியின் சம்பளம். கியூவில் டபிள்யூ.ஓ. 12 என்ற வரவுப் பட்டியல்களும் டபிள்யூ.ஓ. 97 என்ற விடுவிப்புக் கோப்புகளும் அவர்களுக்கு உரியவை. டொக்யாட்காரர் என்றால் 1957ஐச் சுற்றிய கடிதங்களைத் தேடுங்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் தளம் இலங்கைக்குக் கைமாறியது, கணக்கு முடித்த கடதாசிகளை ஆட்கள் கவனமாக வைத்துக்கொண்ட காலம் அது.

நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பூட்டனைத் தேடி நடப்பவர்களுக்கு ஒரு சொல்: பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இரண்டாம் உலகப்போர்ப் பட்டியல் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கு உரியது. போர் முடிந்து வீடு வந்து பேரப்பிள்ளை கண்டவர் அங்கே இருக்க மாட்டார்.

கல்வெட்டும் திதியும்

எல்லா வாசலும் அடைத்துவிட்டால் எங்கள் சொந்த ஆவணம் ஒன்று இருக்கிறது. இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு என்ற சிறுநூல். பூட்டனுடையது இல்லாவிட்டாலும் அவருடைய தம்பியின், மைத்துனரின் கல்வெட்டில் வம்ச வரலாறு பாட்டாக வரும், உத்தியோகமும் வரும். நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் பெருமளவில் எண்ணிமப்படுத்தப்பட்டிருக்கின்றன. பெயரோடு ஊரையும் கொடுத்துத் தேடுங்கள்.

அதிலுள்ள திதி வெண்பா இறந்த வருடம், மாதம், பட்சம், திதி நான்கையும் சொல்லும். ஆங்கிலத் திகதியாக மாற்றும்போதுதான் தவறு நேரும். தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் அதன் கடைசி மூன்றரை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும். விசு வருடத்தை 1941 என்றும் சித்திரபானுவை 1942 என்றும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். குண்டு விழுந்த 1942 ஏப்ரல் 9 வருடப்பிறப்புக்கு முந்திய வியாழக்கிழமை, பங்குனிக் கடைசி, இன்னும் விசுதான். "விசு, பங்குனி, தேய்பிறை" என்று வெண்பா சொன்னால், 1941ஆம் ஆண்டு மரணப் பதிவில் தேடி ஆளைத் தவறவிடாதீர்கள். 1942 ஏப்ரல் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள், பங்குனித் தேய்பிறையில் ஏன் திதி கொடுக்கிறோம் என்று வீட்டில் மூத்தவர்களிடமும் கேளுங்கள்.